சாமி எங்கேயும் போகாது

என் அக்காவுக்கு,

நீ வேலைக்குத் திரும்பியதும் பாப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சில் என் பெயர் அடிபட்டபோது நீ சொன்னதை அம்மா அப்படியே சொல்லிவிட்டாள். "சாமி பயம் இல்லாதவ. யாரும் பாக்காதப்ப எப்படி இருப்பாளோ!"

கோபம் வரவில்லை. சாமி பயம் இல்லாமல் ஒருவர் நல்லவராக இருக்க முடியுமா என்ற கேள்வியைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். ஆனாலும் நேற்று நடந்ததைத்தான் உனக்கு எழுதத் தோன்றுகிறது.

நான் வேலை பார்க்கும் கிளினிக்கில் பல் டாக்டரின் கருவிகளை நீராவிப் பெட்டியிலிருந்து எடுத்தேன். பொட்டலத்தின் மேல் ஒட்டிய பட்டை முழுதாகக் கறுத்தால்தான் கிருமி செத்ததாகக் கணக்கு. ஒன்றில் பாதிதான் கறுத்திருந்தது. எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். பஸ்ஸை விட்டுவிட்டு எல்லாவற்றையும் மறுபடி உள்ளே வைத்தேன். அப்போது சாமியும் நினைவுக்கு வரவில்லை, படித்த புத்தகமும் வரவில்லை. நம்பி வாயைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவரின் முகம்தான் வந்தது.

பிறகு உன் முகம் வந்தது. சின்ன வயதில் நான் காய்ச்சலில் கிடந்தபோது, பாதிப் பிரார்த்தனையில் எழுந்து ஓடிவந்து என் தலையைப் பிடித்துக்கொண்டாய். அம்மா அதட்டினாள். "சாமி எங்கயும் போகாதும்மா, இவ இப்பவே வாந்தி எடுத்துருவா!" என்றாய்.

அன்றைக்கு உன்னை ஓட வைத்தது பயமா, அக்கா?

நீ கும்பிடும்போது உன் முகம் தெளிந்துவிடும். அது எனக்குப் பிடிக்கும். இனி பாப்பா அழுதால் நீ பாதியில் எழ வேண்டாம். நான் தூக்கிக்கொள்கிறேன்.

உன் தங்கை,
பாப்பாவின் சித்தி