அப்பாவுக்குப் பிடிக்காத சவுண்டு செட்

சோமனூர்,
18-8-1999

அன்புக் கண்ணு கிரிதரனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, ரேணுகா மூவரும் உடம்பளவில் சுகம், மனசளவில் எப்படி என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் அண்டாமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது, நல்லவேளை தபால்காரர் என் கையிலேயே கொடுத்தார். படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ரெண்டு வருசமாக ஞாயிறு தவறாமல் போன் செய்தும் அப்பா ஒரு வார்த்தை நின்று பேசுவதில்லை, சரி சரி அம்மாகிட்டப் பேசு என்று கொடுத்துவிடுகிறார், தறியை விட்டுக் கனடா போனதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை, போட்டோ அனுப்பினால் தாடியை எடு என்கிறார், ஆசையாக ஹோம் தியேட்டர் வாங்கித் தருகிறேன் பிடித்ததைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றால் கடை கடையாகப் போய்க் குறை சொல்லிவிட்டு வருகிறார், என் குரலும் ஆகாது என் பொருளும் ஆகாது என்றால் இனிமேல் போனும் செய்யமாட்டேன், தையில் ரேணுகா கல்யாணத்துக்கும் வரமாட்டேன் என்று ஒரே மூச்சில் கொட்டியிருக்கிறாய். கூடப்பிறந்தவள் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது. கோபத்தில் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாய். ஆனால் இந்தத் தடவை உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை, உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, எனக்கே போன வாரம்தான் தெரிந்தது. உனக்கு எழுதக்கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதனால் அவர் தறிகுடோனில் இருக்கிற நேரமாகப் பார்த்து சமையல்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன், நடுவில் எழுத்து கோணியிருந்தால் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன் என்று வைத்துக்கொள்.

சவுண்டு செட் கதையை ரேணுகா உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறாள். முதலில் காந்திபுரத்தில் ஒரு கடைக்குப் போனோம். முன்னால் மூன்று பெட்டி, பின்னால் இரண்டு, தரையில் ஒரு பெரிய பெட்டி, இடிச் சத்தமெல்லாம் அதிலிருந்துதான் வருமாம். ஏதோ இங்கிலீஷ் படம் போட்டார்கள். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சத்தம் செத்துக் கெடக்குதுங்க என்றார். கடைக்காரர் கூட்டிக்கொண்டே போனார், கண்ணாடி அலமாரி கடகடவென்று ஆடுகிறது, ரோட்டில் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்க்கிறார்கள், என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, உன் அப்பா இப்பப் பரவால்லைங்க, ஆனாப் பேசறது ஒண்ணும் வெளங்கலை என்கிறார். இங்கிலீஷ் நமக்கு எந்தக் காலத்தில் விளங்கியது என்று நான் சிரித்தேன். அடுத்து ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கடை. அங்கே பின்னால இருக்கற பொட்டி ரெண்டும் ஓடலைங்க என்று ஆரம்பித்தார். கடைக்காரர் பொறுமையாக, ஓடுதுங்க அய்யா, பக்கத்துல வந்து பாருங்க என்றார். உடனே இவருக்கு மூக்குக்கு மேலே வந்துவிட்டது, காலமெல்லாம் மிசினோட மாரடிக்கறவன்கிட்ட ஓடாத பொட்டிய ஓடுதுன்னு சொல்லி விக்கப் பாக்கறீங்களா என்று சத்தம் போட்டார். கடையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ரேணுகா பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து நான் பிடித்துக்கொண்டேன், பையன் எத்தனை ஆசையாச் சொன்னான், உங்களுக்கு அவன் மேல இருக்கற கோவத்தைக் கடைக்காரங்க மேலயா காட்டறது என்றேன். பொருள் சரியில்லீன்னா சரியில்லீன்னுதான் சொல்லோணும் என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இதைத்தான் ரேணுகா உன்னிடம் சொல்லி அழுதிருக்கிறாள், நீயும் எரிகிற மனசோடு எழுதிவிட்டாய்.

உன் கடிதம் வருவதற்கு நாலைந்து நாள் முன்னால் கிராஸ்கட் ரோட்டில் உமர் பாரூக் என்பவர் கடைக்குப் போனோம். இதுதான் கடைசி, இங்கேயும் சண்டை போட்டால் நான் நடந்தே ஊருக்குப் போய்விடுவேன் என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். அவர் கடைக்குள்ளே தனியாக ஓர் அறை கட்டியிருக்கிறார், சின்ன சினிமாக் கொட்டகை மாதிரி. அப்பாவை நடு சோபாவில் உட்கார வைத்தார், நானும் ரேணுகாவும் ஓரத்தில். கதவைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டு லைட்டையும் அணைத்துவிட்டார். படத்தில் ஓர் ஆள் காட்டில் தனியாக நிற்கிறான், சத்தமே இல்லை. திடீரென்று எங்கள் முதுகுக்குப் பின்னால் குதிரை ஓடி வருகிறது கண்ணு, சத்தியமாகக் குதிரைதான், மேலே ஏறிவிடும் போல. நானும் ரேணுகாவும் ஒரே நேரத்தில் திரும்பிவிட்டோம். அப்பா திரும்பவில்லை. குத்துக்கல் போல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உமர் பாரூக் பின்னாலிருந்து, அய்யா சத்தத்தைக் கொஞ்சம் கொறைக்கட்டுங்களா என்று கேட்டார். பதில் இல்லை. இன்னொரு முறை கேட்டார், அதற்கும் இல்லை. இருட்டில் ரேணுகா என் கையைப் பிடித்தாள். அவர் லைட்டைப் போட்டு, முன்னால் வந்து நின்று அதே கேள்வியைக் கேட்டார். கொறைக்காதீங்க, இப்படியே இருக்கட்டும் என்று அப்பா பட்டென்று பதில் சொன்னார். உமர் பாரூக் என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். நல்ல மனுசன், ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. இந்த செட்டுல பின்னாடி ஸ்பீக்கர் கொஞ்சம் கோளாறுங்க அய்யா, வேற வரட்டும், சொல்லி அனுப்பறேன் என்று தன் பொருள் மேலேயே குற்றத்தைப் போட்டுக்கொண்டார். நாஞ் சொல்லலையா என்று அப்பா எங்களைப் பார்த்துச் சிரித்தார். என்னால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

இத்தனை வருசமாக இது எப்படி ஒருத்தருக்கும் தெரியாமல் போனது என்று நீ கேட்பாய், நானும் என்னையே அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். நம் ஊர்ப் பழக்கம் அப்படி. தறிச் சத்தத்துக்குள் யார் யாரைப் பின்னாலிருந்து கூப்பிட்டிருக்கிறோம். தோளைத் தொட்டுவிட்டு, முகத்துக்கு நேரே போய் நின்று, வாயை நன்றாகத் திறந்து பேசுவோம், எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். வீட்டுக்கு வந்தாலும் அதே பழக்கம்தான். நான் அன்னூரிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் எல்லோரும் என்னிடம் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்து ஒரு மாதம் அழுதேன், அப்புறம் நானும் கத்தப் பழகிவிட்டேன். ஊரே உதட்டைப் பார்த்துப் பேசுகிறபோது, உதட்டை மட்டுமே வைத்துக் காலம் தள்ளுகிற ஒருத்தரை எப்படிப் பிரித்துக் கண்டுபிடிப்பது. இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. ராத்திரியில் கரண்ட் போய் இருட்டிவிட்டால் உன் அப்பா பேச்சை நிறுத்திவிடுவார், என்ன கேட்டாலும் பதில் வராது, கோவம் வந்துவிட்டது என்று நாங்களும் ஒதுங்கிக்கொள்வோம். மாசியில் ரயில்வே கேட் பக்கம் லாரி ஒன்று அவர் வண்டியை உரசிக்கொண்டு போனது, பாவி ஆரன் அடிக்காமப் போறான் என்றார், நானும் அந்த டிரைவரின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தேன். அவன் அடித்திருப்பான் கண்ணு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறியிருக்கிறேன்.

இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. தீர விசாரிக்காமல் எதையும் சொல்லக்கூடாதே. மறுநாள் பகலில் கரண்ட் போய்த் தறியெல்லாம் நின்றுவிட்டது. ஆட்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். அப்பா மட்டும் எனக்கு முதுகைக் காட்டி நின்று தறி நாடாவுக்குள் நூல் கண்டை மாட்டிக்கொண்டிருந்தார். குடோனில் அப்படியொரு அமைதியை நான் பார்த்ததில்லை. பின்னால் நின்று ஏனுங்க என்றேன். இன்னும் பலமாக ஏனுங்க என்றேன். அவர் பாட்டுக்கு வேலை செய்கிறார். பிறகு நான் செய்ததை உன்னிடம் சொல்லக்கூட வெட்கமாக இருக்கிறது. ரேஷன் கடையில் புருசன் பெயரைக் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்கிறவள் நான். அவர் பெயரை, முழுப் பெயரையும், வாய்விட்டுச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. நான் முன்னால் போய் நின்று அழுததைப் பார்த்துத்தான், என்ன அம்மிணி, ஏன் அழுவறே என்று பதறினார். என்ன செய்தேன் என்று வாயைத் திறந்து சொன்னேன். கொஞ்ச நேரம் என் உதட்டையே பார்த்தார். பேரையேவா சொன்னே என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. கல்யாணமாகி இத்தனை வருசத்துல ஒருக்காச் சொல்லியிருக்கறே, அதையும் கேக்காமப் போயிட்டனே என்றார்.

அப்புறம் எல்லாம் சொன்னார். ஒரு காது எப்போதோ போய்விட்டதாம், இன்னொன்று நீ கனடா போன சமயத்தில் மங்க ஆரம்பித்ததாம். போனை எடுத்தால் உள்ளே தறி ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல்தான் வருகிறதாம், நீ என்ன கேட்கிறாய் என்று தெரியாதாம், தப்பாகப் பதில் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாயே என்றுதான் என்னிடம் கொடுத்துவிடுகிறாராம். கண்ணு, உனக்கு ஒன்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் அப்பா குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் போன் பக்கத்தில் உட்காருவார். நான் உன்னோடு பேசி முடிக்கிறவரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். என்ன இப்படி முறைக்கிறார், பில் ஏறுகிறது என்றா, அது அவன் கட்டுகிற பில்தானே என்று நான் எத்தனையோ முறை திரும்பி உட்கார்ந்திருக்கிறேன். நான் உன்னிடம் சொல்லும் பதிலை என் வாயிலிருந்து பார்த்துத்தான் நீ என்ன கேட்டாய் என்று அவர் தெரிந்துகொண்டிருக்கிறார். உன்னிடம் சொல்லலாமே என்றதற்குக் கையெடுத்துக் கும்பிடாத குறை. செவிடன்னு தெரிஞ்சா வேலையை உட்டுப்போட்டு ஓடியாந்துருவான், தறியக் கட்டிட்டு அழுவறது என்னோட போவட்டும், கோவக்காரன்னே நெனச்சுட்டு அங்க நல்லா இருக்கட்டும் என்றார். மன்னிக்காத மனுசன் பேசுகிற பேச்சா இது, நீயே சொல்.

அவர் சொல்லை மீறி இதை எழுதுகிறேன். நீ இரண்டு வருசம் தப்பாக நினைத்தது போதும், இதே மனசோடு கல்யாணத்துக்கு வராமல் போய்விட்டால் அப்புறம் யார் சொல்லி எதைச் சேர்ப்பது. வேலையை விட்டுவிட்டு வா என்று நான் கூப்பிடவில்லை, அதைச் செய்தால் அவர் சொன்னதே பலித்துவிடும். தைக்கு முறையாக லீவு சொல்லிவிட்டு வா. வந்தால் கேட்டிலிருந்து அப்பா என்று கூப்பிட்டுவிட்டு, திரும்பவில்லையே என்று முகம் சுருங்காதே. நேரே முன்னால் போய் நில். கல்யாணம் முடிந்த கையோடு காது டாக்டரிடம் போகலாம் என்று அரைமனசாகத் தலையாட்டியிருக்கிறார், நீ வந்து மீதியை ஆட்ட வை. சவுண்டு செட் வேண்டாம், உமர் பாரூக்குக்கும் போனில் சொல்லிவிட்டேன். அதற்குப் பதிலாக எனக்கு ஒன்று செய். உன் சிநேகிதன் எபினேசரிடம் வீடியோ கேமரா இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதில் நீ பேசுவதைப் பிடித்து ஒரு கேசட் அனுப்பு. அங்கே எடுக்கிற கேசட் இங்கே அப்படியே ஓடாதாம், உமர் பாரூக் மாற்றிக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அங்கே இங்கே காட்டாமல், வெளிச்சம் உன் முகத்தில் விழும்படி உட்கார்ந்து, அவசரப்படாமல், தறிகுடோனில் பேசுகிற மாதிரி பேசு. நம் பழைய டிவி போதும், சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவைத்துக்கூட அவர் பார்ப்பார். பதில் கடிதத்தை ரேணுகா பெயருக்குப் போடு.

நீ நீண்ட ஆயுசோடும் குறையாத மனசோடும் இருக்க வேண்டும், அந்த ஊர்க் குளிர் உன்னைத் தொடாமல் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, கேமரா முன்னால் உட்காரும் முன் அந்தத் தாடி மீசையை எடுத்துவிடு. நீ அனுப்பிய போட்டோவை அப்பா ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டுத்தான் தாடியை எடுக்கச் சொல்லு என்றார், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நேற்றுத்தான் கேட்டேன், வாய் மறைஞ்சிருந்தா அவன் வந்து பேசறப்ப எனக்கு எப்படித் தெரியும் என்கிறார். கேசட்டில் முதல் வார்த்தையாக அப்பா என்று சொல். கண்ணாடி முன்னால் நின்று நானே சொல்லிப் பார்த்தேன், உதடு மூடித் திறக்கிறது, நன்றாகத் தெரிகிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
பங்காரம்மா