ஒரு மண்ணும் தெரியல

செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே என் முட்டியும் அம்மாவின் மூக்கும் தவிர மற்றதெல்லாம் நலம். நீயும் மாப்பிள்ளையும் இப்படித் 'தவிர' ஏதும் இல்லாமல் முழுசாக நலமாயிருங்கள்.

காய்ச்சலில் போன வாசனை ஐந்து மாதமாகியும் அம்மாவுக்குத் திரும்பவில்லை, அடிப்பிடித்தால்கூடத் தெரியாத சமையல்காரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஹாஸ்டல் வார்டன் இந்த மாதக் கடைசிவரைதான் கெடு கொடுத்திருக்கிறார். வாசனை இலை ஏதாவது தினமும் கசக்கி முகரச் சொன்னார் டாக்டர். முப்பது வருஷம் லாரி ஓட்டியவன் ஒரு செடியை ஓட்ட மாட்டேனா என்று பால்கனியில் கற்பூரவல்லி வைத்தேன். கட்டடம் கட்டுமிடத்தில் கிடந்த களிமண்ணை அள்ளி வந்து நட்டேன், தண்ணீர் இறங்காமல் வேர் அழுகிச் செத்தது. அடுத்ததற்குத் தொட்டி நிறைய எருவைக் கொட்டினேன், இலை உள்ளங்கை அகலம் வந்தது, கசக்கினால் வெறும் தண்ணீர், உன் அப்பனைப் போலவே உடம்பு இருக்கிறது, சரக்கு இல்லை. அம்மா முகர்ந்துவிட்டு, ஒரு மண்ணும் தெரியல என்பாள், தினமும் அதே பாட்டு.

மாடிவீட்டு ரிட்டயர்டு ஸ்டோர்கீப்பர், நீ மண்புழு என்று பேர் வைத்தாயே, அது மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "சார், இப்படிக் கொட்டிக் கொட்டிப் போட்டா செடி கொழுக்கும், மணக்காது. பாதிக்குப் பாதி மணல் போடுங்க, தண்ணியக் குறைங்க" என்றது. அஃறிணையில் எழுதுகிறேன், அதற்கு அந்த மரியாதை போதும். சட்டைப் பையில் மூன்று பேனா, ஒன்றிலும் மை கிடையாது. மண்ணைச் சலித்து டப்பாவில் போட்டு லேபிள் ஒட்டி வைத்திருக்கும் ஜந்து எனக்குப் பாடம் நடத்துகிறது! மறுநாள் வாசலில் ஒரு வாளி மணலை வைத்துவிட்டு மணிகூட அடிக்காமல் போயிருந்தது, திமிரைப் பார். அது சொன்னது பொய் என்று காட்டத்தான் மணல் கலந்து நட்டேன். செடி நோஞ்சான், இலை காசளவு, ஆனால் தொட்டாலே மூக்கில் ஏறியது. எனக்கு வந்த எரிச்சல் இருக்கிறதே!

அம்மாவுக்கு மட்டும் அதே பாட்டுதான். நேற்றுக் காலை தண்ணீர் விட்ட கையோடு இலையை நீட்டினேன். "மண்ணு தெரியுது" என்றாள். திட்டக்கூட வாய் குழறுகிறதா, "ஒரு மண்ணும் தெரியலன்னு முழுசாத்தான் சொல்லேன்" என்று கத்திவிட்டேன். "யோவ், நனைஞ்ச மண்ணுய்யா, நெசமாவே வாசனை வருது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இலை இன்னும் தெரியவில்லையாம். ஆனால் இன்று பால் தீய்வதைப் படுக்கையறையிலிருந்தே கண்டுபிடித்துவிட்டாள், தீயவிட்டவன் நான். திங்கட்கிழமை வேலைக்கு வருவதாக வார்டனிடம் சொல்லியாகிவிட்டது.

மண்புழுவுக்கு நன்றி சொல்லச் சொல்கிறாள், என் வாயால் ஆகாது. நீ போனில் சொல்லிவிடு, அப்பா சொல்லச் சொன்னார் என்று மட்டும் உளறிவிடாதே. வாளியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், அம்மாவுக்கு எப்படியிருக்கு என்று மட்டும் கேட்டார். பார், 'கேட்டார்' என்று விழுந்துவிட்டது, பேனாவில்தான் ஏதோ கோளாறு. அடித்தால் கடிதம் அசிங்கமாகும், இருந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நூறு வருஷம் இருங்கள்.

தலையில் இன்னும் களிமண்ணோடு,
உன் அப்பா