தரகன் கொண்டுவந்த கோடித்துணி

எங்கே இருந்தாலும் எனக்கு நைனாவாகவே இருக்கும் உனக்கு,

உன்னிடம்தான் பேசுகிறேன். ஆனால் குப்பமே கேட்கட்டும்.

பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையில் தலை நரைக்கும்வரை சிப்பாயாக நின்றாய். காலில் குண்டு துளைத்தபின் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா இல்லாத வீட்டில் எனக்குப் பேச்சுத்துணையாவது இருப்பாய் என்று நினைத்தேன். நீ எங்கே வீட்டில் தங்கினாய்?

மழை பொய்த்த வருஷம் அந்தத் தரகன் வந்தான். "கப்பலேறிப் போனா வேலை, வேளைக்குச் சோறு" என்றான். பசித்தவர்கள் நம்பி ஏறினார்கள். நம்பாதவர்களை அவன் ஆட்கள் வாயைக் கட்டித் தூக்கிப்போனார்கள்.

அந்தக் கப்பல்களின் அடித்தட்டை நீ பார்த்திருந்தாய். "வேலையும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. மாட்ட விக்கற மாரி விக்கறானுங்கோ" என்றாய். மறுநாளே நொண்டிக்கொண்டு கரைக்குப் போனாய். யாரும் உன்னைக் கூப்பிடவில்லை; கூலியும் கிடையாது. ஆண்களை முறை வைத்துக் காவலுக்கு நிறுத்தினாய். அந்நியத் தோணியை எப்படி மறிப்பது என்று கற்றுக்கொடுத்தாய்.

"உனக்கு இன்னாத்துக்கு நைனா இந்த வேல?"

"கோட்டைக்குக் காவல் காத்தேன். நம்ம ஜனத்துக்கு எவன் காத்தான்?"

பட்டப்பகலில் அது நடந்தது. ஆண்கள் கடலுக்குப் போயிருந்தார்கள். ஏரியில் மட்டி பொறுக்கிய பெண்களைத் தரகன் ஆட்கள் தோணியில் தள்ளிக்கொண்டு போனார்கள். நீ தனியாக நம் தோணியில் துரத்திப் போய், முகத்துவாரத்துக்கு முன்பே மோதி அந்தத் தோணியைக் கவிழ்த்தாய். இடுப்பளவுத் தண்ணீரில் பெண்கள் தப்பி ஓடிவந்தார்கள். உன் தலையில் துடுப்பு இறங்கியது.

உன்மேலும் எனக்குக் கோபம்தான். இன்னும் நாலு பேர் வரும்வரை பொறுத்திருக்கக் கூடாதா? பொறுத்திருந்தால் அந்தப் பெண்கள் இன்று எந்தச் சந்தையில் நின்றிருப்பார்கள்?

அதைவிடக் கொடுமையைக் கேள். உன் உடலுக்குக் கோடித்துணி போர்த்த அந்தத் தரகனே வந்தான்! "பெரிய எடத்து மனுசன். வம்பு வேணாம், போடட்டும் உடு" என்றார் குப்பத்துப் பெரியதனக்காரர். அவர் மகளும் அந்தத் தோணியில் இருந்தவள்தானே, நைனா? எந்த வாயால் சொன்னார்?

"எட்றா கைய!" என்று துணியைப் பிடுங்கி அவன் முகத்திலேயே எறிந்தேன். ஒருவரும் என் பக்கம் வந்து நிற்கவில்லை. எல்லோரும் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முந்தாநாள் அவன் தோணி மறுபடி வந்தது. நீ மீட்ட பெண்கள் அரிவாளும் கோலுமாகத் தண்ணீரில் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். பெரியதனக்காரர் மகள்தான் முன்னால் நின்றாள்.

"கரைய தொட்டுப் பாருடா!" என்றாள்.

"வாடீ வூட்டுக்கு!" என்று கரையிலிருந்து அவர் கத்தினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தோணிதான் திரும்பிப் போனது.

அவர்களின் கப்பல் இன்னும் கடலில்தான் நிற்கிறது. அது இருக்கும்வரை காவல் முறை எங்களுடையது. "கோவத்த உடு, கங்கம்மா" என்று எல்லோரும் சொல்கிறார்கள். விடமாட்டேன், நைனா. அது எனக்கு வேண்டியிருக்கிறது.

உன் ஒரே மகள்,
கங்கம்மா