கூட வைத்த துண்டு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு, உன் வாலு எழுதுவது.

முழங்காலுக்கு மேலே எலும்புக் கட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்துவிட்டார்கள். உங்கள் ஆய்வகத்துக்குத்தான் அனுப்புகிறார்களாம். ஏதோ ஒரு புரதம், சாயம் போட்டால் பழுப்பாகத் தெரியுமாம். தெரிந்தால் நோய் நுரையீரலுக்கு ஓடும் வாய்ப்பு அதிகமாம். டாக்டர் பூசி மெழுகுகிறார். சாயம் போடுவது நீதானே? உள்ளதை உள்ளபடி எழுது. கல்யாணத்துக்கு நாள் குறிக்கும் முன் அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்.

தாமதமாகப் போனதால் மூன்றாவது வேலையும் போயிற்று. அதற்குத் தனியாகத் திட்டி எழுது.

உன் வாலு

மார்ச் 15

என் கண்ணு,

சாயம் சரியாக ஏறவில்லை. மறுபடி போட வேண்டும். வேலை போனால் போகட்டும். நன்றாகச் சாப்பிடு, தூங்கு.

அக்கா

மார்ச் 22

அக்கா,

பழுப்பு ஏறிவிட்டது, இல்லையா?

ஒவ்வொரு முறையும் பழுப்பு ஏறும் என்று தெரிந்த பழைய துண்டு ஒன்றைக் கூட வைப்போம், அது ஏறினால்தான் சாயத்தை நம்புவோம் என்று நீதானே சொன்னாய்? சாயம் கெட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். பதினொரு நாள் எதற்கு? அதைவிட, நீ திட்டவே இல்லை. பிறந்ததிலிருந்து என்னைக் கண்ணு என்று கூப்பிட்டதுண்டா?

அவளிடம் சொல்லிவிட்டேன். "நாள அப்புறம் குறிக்கலாம், மொதல்ல மருந்தக் குடி" என்கிறாள். இன்னொரு அக்கா!

பழுப்பு ஏறிய எல்லோரும் போய்விடுவதில்லையாம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நீ திட்டினால் கொஞ்சம் தைரியம் வரும்.

வாலு

அடுத்த ஆண்டு, பிப்ரவரி 9

வாலு,

நீ போய் ஒரு மாதமாகிறது. உன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தும் நீ கேட்டபடி திட்ட முடியவில்லை. வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது.

இங்கே கூட வைக்கும் பழைய துண்டு தீர்ந்துவிட்டது. பெரிய டாக்டர் இன்னொன்றை எடுத்து, "இதுல நல்லா ஏறியிருக்கு, இனிமே இதையே வைங்க" என்று நீட்டினார். அதில் ஒட்டியிருந்த நோயாளி எண்ணைப் பார்த்தேன். உன்னுடையது. "சரிங்க" என்று வாங்கிக்கொண்டேன்.

இன்று ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் துண்டு வந்தது. முதலில் உன்னைப் பார்த்தேன், நல்ல பழுப்பு. பிறகு அவளுடையதைப் பார்த்தேன். பழுப்பே இல்லை. சாயத்தின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, நீதான் பக்கத்திலேயே இருந்தாயே.

தாமதமாகப் போயே மூன்று வேலையைத் தொலைத்த சோம்பேறி! இப்போது மட்டும் தினமும் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறாய். இந்தப் புத்தி அப்போது எங்கேடா போயிருந்தது?

உன் அக்கா