இடது கைப் பூ ஜாடி

கடையம்,
2-6-2024

மச்சானுக்கு பாஹிமா ஸலாம் சொல்லி எழுதுவது. வாப்பா, உம்மா, நான் மூவரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். மனசைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

போன் இருக்கும்போது என்ன கடுதாசி என்று நினைப்பீர்கள். போனில் நான் நாலு வார்த்தை பேசுமுன் "சரி சரி, விடு" என்கிறீர்கள். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் அதை அப்படியே மாமிக்குத் தட்டிவிடுகிறீர்கள். அதனால்தான் லீவு முடிந்து ஷார்ஜா திரும்புகிற எங்கள் தெருக்காரர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். கடைசி வரைக்கும் படிக்க வேண்டும்.

உங்கள் தங்கை ஹம்னாவின் நிக்காஹுக்கு உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை. நடந்ததை மாமி ஒரு விதமாகச் சொல்லியிருப்பார்கள், நான் சொல்வதையும் கேளுங்கள். கண்ணாடி அலமாரியில் இரண்டு பூ ஜாடிகள் நிற்குமே, ஒரு கை ஜாடியைப் பிடித்திருக்கிற மாதிரி? ஆரஞ்சு நிறத்தில், வெயில் பட்டால் மழைத்தண்ணீரில் பெட்ரோல் சிந்தினது போல ஏழு நிறம் காட்டுமே, அவைதான். உங்கள் பாட்டனார் ரங்கூனிலிருந்து கொண்டுவந்த பெல்ஜியம் கண்ணாடி என்று மாமி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிற ஜாடிகள். அதில் ஒன்றை ஹம்னாவுக்குச் சீராகத் தருவதாக மாப்பிள்ளை வீட்டாரிடம் வாக்கும் கொடுத்திருந்தார்கள்.

போட்டோ எடுக்க இரண்டையும் இறக்கி, பிளாஸ்டிக் பூவையும் சரிகைத் தாளையும் விலக்கினார்கள். மாப்பிள்ளையின் மாமா முகம்மது சலீம் பழைய சாமான் வாங்கி விற்கிறவராம். அவர் உற்றுப் பார்த்துவிட்டு, "இது சோடியே இல்லியே! ஒண்ணு வலது கை, ஒண்ணு எடது கை. வலதுதான் அசல். மத்தது பின்னால யாரோ மாத்தி வச்சது" என்றார். அத்தனை பேர் முன்னால் மாமி என்னைப் பார்த்தார்கள்.

"எடது கையால ஒரு பூவக்கூட யாருக்கும் நீட்ட மாட்டோம். எடது கைய நம்ம வீட்டுல யாரு வாங்கி வப்பா? போன சீசன்ல ஐந்தருவிக்குப் போயிட்டு பேப்பர்ல சுத்தி ஒண்ணு கொண்டாந்தியே, அது என்னட்டி?"

மங்குஸ்தான், மச்சான். வாங்கி வந்த அன்று ராத்திரி உங்களிடம் போனில் சொன்னேனே, தோல்சாறு பட்டு என் வெள்ளைத் துப்பட்டா வீணாய்ப் போயிற்று என்று? நீங்கள்கூடச் சிரித்தீர்கள். அதை மாமியிடம் சொல்லுங்கள், போதும். நான் திருடி இல்லை.

இடது கை ஜாடியை "ஒன் சாமானை நீயே கொண்டு போ" என்று என் பையில் வைத்து, என்னை வாப்பா வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். அது இப்போது என் முன்னால்தான் இருக்கிறது.

பாஹிமா


ஷார்ஜா,
10-6-2024

பாஹிமாவுக்கு நாசர் எழுதுவது, ஸலாம்.

கடுதாசியை இரண்டு தரம் படித்தேன். உன் மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மங்குஸ்தான் கதையை இப்போது சொன்னால் பொண்டாட்டிக்கு வக்காலத்து வாங்குகிறான் என்பார்கள். ஹம்னா புது வீட்டுக்குப் போயிருக்கிறாள், அங்கே அவள் தலை குனியக் கூடாது. உம்மாவுக்கும் பிரஷர் ஏறிக்கிடக்கிறது.

ஒரு கண்ணாடி ஜாடிக்காக ஒரு குடும்பமா? ஒருதரம் வந்து, "தெரியாம நடந்துபோச்சு, மாமி, பொறுத்துக்கோங்க" என்று சொல்லிவிடு. ஜமாஅத் பெரியவர்கள் வரைக்கும் போக வேண்டாம். ஜூலையில் லீவில் வருகிறேன். குற்றாலத்தில் தண்ணீர் விழும், நாம் இரண்டு பேரும் போய்க் குளிப்போம்.

உன்
நாசர்


கடையம்,
22-6-2024

மச்சானுக்கு,

பெருநாளுக்கு நீங்கள் கொடுத்தனுப்பிய சேலை வந்தது. பிரித்துப் பார்க்கவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என்ன தெரியாமல் நடந்தது? நடக்காத ஒன்றுக்கு எப்படிப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது? நான் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவள். ஜாடி திருடிய டீச்சர் என்று உங்கள் தென்காசி முழுக்கப் பேச்சாகிவிட்டது. என் வாப்பா ஜும்ஆவுக்குப் போனால் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, ஆள் எழுந்திருக்குமுன் வந்துவிடுகிறார்.

அதனால் இந்த ஜாடி எங்கே பிறந்தது என்று நானே தேடினேன். சரிந்து விழாமல் இருக்க இவற்றில் மணல் ரொப்பி வைத்திருக்கிறது, உங்களுக்குத் தெரியும். மணல் கொட்டும் என்று உங்கள் வீட்டில் யாரும் கவிழ்த்ததே இல்லை. நான் கொட்டிவிட்டுக் கழுவினேன். அடியில் வட்டமாக ஆங்கில எழுத்தில் ஒரு கம்பெனிப் பெயர். இந்த மாதிரி கண்ணாடிக்குக் கார்னிவல் கிளாஸ் என்று பெயராம், இன்டர்நெட்டில் இதற்கென்றே சேகரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் படம் அனுப்பினேன். இங்கிலாந்திலிருந்து ஒரு அம்மா பதில் போட்டார். இது பெல்ஜியமும் இல்லை, ரங்கூனும் இல்லை, வடக்கே ஃபிரோசாபாத்தில் செய்தது. சூடாக இருக்கும்போதே உலோக உப்பைத் தெளித்தால் அந்த ஏழு நிறம் வருமாம். முக்கியமானதைக் கேளுங்கள்: இடது கை, வலது கை இரண்டுமே அங்கே செய்தார்களாம். அவரிடமே அப்படி ஒரு சோடி இருக்கிறது, படத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

உங்கள் பாட்டனார் ரங்கூனை விட்டு வந்தது சண்டைக் காலத்தில். இந்த ஜாடி அதற்கப்புறம் செய்தது என்கிறார் அந்த அம்மா. எங்கே வாங்கியிருந்தால் என்ன, அதில் என்ன கேவலம்?

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அலமாரியில் இருக்கிற வலது கை ஜாடியைக் கவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதே எழுத்து இருந்தால் இரண்டும் ஒரே பட்டறைச் சோடி, நான் மாற்றவில்லை. இல்லாவிட்டால் ஜமாஅத்தில் நிற்கிறேன்.

பாஹிமா


ஷார்ஜா,
1-7-2024

பாஹிமா,

எங்கள் வீட்டுச் சாமானை வெள்ளைக்காரிக்கெல்லாம் காட்டச் சொல்லி உன்னிடம் யார் கேட்டது? ரங்கூன் என்று சொல்லித்தானே சம்பந்தம் பேசினோம்? இப்போது நாங்களெல்லாம் புளுகர்களா? கவிழ்த்துப் பார்க்கச் சொல்லி உம்மாவிடம் போனில் கேட்டேன். "அவ சொன்னா நான் தலைகீழா நிக்கணுமாலே?" என்று அழுகிறார்கள்.

வருகிறேன், பார்க்கிறேன். அதுவரைக்கும் சும்மா இரு.

நாசர்


தென்காசி,
21-7-2024

பாஹிமாவுக்கு,

வந்து நாலைந்து நாளாகிறது. உன் வீட்டு வாசலுக்கு வர எனக்கு முகமில்லை.

நேற்று உம்மா ஒரு மௌத்து வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தார்கள். வீட்டில் யாருமில்லை. வலது கை ஜாடியை எடுத்து, மணலைப் பேப்பரில் கொட்டிக் கவிழ்த்துப் பார்த்தேன். நீ சொன்னது சரி. அதே எழுத்துதான். மணலைத் திரும்ப ரொப்பி, பூவைச் சொருகி, இருந்த மாதிரியே வைத்துவிட்டேன்.

உம்மா அடுத்த வாரம் அதை ஹம்னா வீட்டுக்குச் சீராகக் கொண்டுபோகிறார்கள். இந்த நேரத்தில் நான் வாய் திறந்தால் சலீம் மாமா முதற்கொண்டு எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குத் தெரிந்துவிட்டதே, உனக்கு அது போதாதா? நீ வந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடு. வாழ்நாள் முழுக்க உன்னைத் தாங்குவேன். அல்லாஹ் மேல் ஆணை.

உன்
நாசர்


கடையம்,
23-7-2024

மச்சானுக்கு,

பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம், அதற்கும் கடுதாசியா?

போதாது. யாருமில்லாத வீட்டில் கவிழ்த்துப் பார்த்ததை மாமியும் ஹம்னாவும் அந்தச் சலீம் மாமாவும் இருக்கும்போது ஒருதரம் கவிழ்த்துக் காட்டுங்கள். அன்று சாயங்காலமே வருகிறேன். என்னிடம் யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டாம், மாமிக்கு நானே டீ போட்டுக் கொடுப்பேன். லீவு முடியும் வரைக்கும் காத்திருப்பேன்.

பாஹிமா


கடையம்,
1-9-2024

நாசர் அவர்களுக்கு,

ஸலாம். நீங்கள் பிளேன் ஏறிப்போனதை உம்மாதான் விசாரித்து வந்து சொன்னார்கள்.

நேற்று ஹம்னா வந்திருந்தாள். சீராக வந்த ஜாடியைப் புது வீட்டில் வைக்குமுன் கழுவலாம் என்று மணலைக் கொட்டியிருக்கிறாள். எழுத்தைப் பார்த்ததும் நேராகச் சலீம் மாமாவிடமே கொண்டுபோய்க் காட்டினாளாம். "எங்க மதினிகிட்ட இருக்கிறதுலயும் இது இருக்கான்னு பாக்கணும், கூட வாங்க" என்று அவரையும் இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். புதுசாகப் போன மருமகள், புகுந்த வீட்டுப் பெரியவரையே! எங்கள் மேஜையில் இரண்டையும் கவிழ்த்து வைத்தோம். சலீம் மாமா என்னைப் பார்த்து, "தப்பாச் சொல்லிட்டேன், தாயி" என்று சொல்லிவிட்டு, வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டில் ரங்கூன் கதை உடைந்ததைக் கேட்டு யாரும் பெரிதாகச் சிரிக்கவும் இல்லையாம். நீங்கள் பயந்ததெல்லாம் அவ்வளவுதான்.

ராத்திரி மாமி போன் பண்ணினார்கள். "வந்துரு புள்ள" என்றார்கள். மாமி மேல் எனக்கு இப்போது கோபமில்லை. நான் மாற்றிவிட்டதாக அவர்கள் நிஜமாகவே நம்பிவிட்டார்கள்.

ஆனால் நான் வரவில்லை. வாப்பா உங்கள் பெரியவர்களிடம் பேசுவார். சேலை பிரிக்காமல் இருக்கிறது, ஹம்னாவிடம் கொடுத்துவிட்டேன். இடது கை ஜாடியையும் அவளுக்கே கொடுத்துவிட்டேன், சோடி பிரிய வேண்டாம்.

கிளம்பும்போது வாசலில் நின்று ஹம்னா கேட்டாள், "மதினி, லீவுல வந்திருந்தப்ப அண்ணன் இதப் பாத்திருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமே. அவனுக்கு இது தெரியவே தெரியாதா?"

தெரியாது என்று சொல்லிவிட்டேன். இந்த ஜாடி விஷயத்தில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

பாஹிமா