குமுளி மலையில் விழாத மரம்

ஊர்ப் பெரியோர்களுக்கும், திராட்சைப் பந்தல்களுக்கும், கம்பம் பள்ளத்தாக்கின் சகல காக்கைகளுக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: இன்று காலை பல் துலக்கி முடித்த கையோடு அடியேனின் மகரக்கட்டு முழுவதுமாக உடைந்துவிட்டது. பதினான்கு பேரின் குரல் குடியிருந்த தொண்டையில் இனி ஒரே ஒரு தவளை மட்டும் வசிக்கும்.

மதினி, உங்கள் பாப்பாதான் சாட்சி. இட்லி வேண்டாமென்று அடம்பிடித்தாள். சிரிக்க வைக்கலாம் என்று குமுளிச் சேச்சி மாதிரி, "மோளே, சாயா குடிச்சோ?" என்று இழுத்தேன். வந்தது சேச்சி இல்லை, லோயர்கேம்ப் ஏற்றத்தில் கியர் மாற்றும் லாரி. பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குத்தான் இட்லி இறங்கவில்லை. அந்தச் சேச்சிக் குரலில் நான் உங்களிடம் ஒரு பொய் சொன்னேன். அதை எழுதிவிட வேண்டும் என்று நீங்கள் போன நாளிலிருந்து பேனாவைத் திறக்கிறேன், மூடுகிறேன்.

நீங்கள் வடுகபட்டிப் பூண்டு வியாபாரி வீட்டிலிருந்து எங்கள் திராட்சை வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். பன்னீர் திராட்சையை முதன்முதலில் பார்த்தபோது, "எங்க ஊருப் பூண்டு மாசக்கணக்கா படுத்துத் தூங்கும். இது ஒரு நாகூட உக்காராது போலயே" என்றீர்களாம். அண்ணன் தோட்டத்தோடு நின்றுகொள்ள, பழத்தைப் பெட்டியில் அடைத்துக் கேரளாவுக்கு அனுப்பும் ஷெட் உங்கள் கைக்கு வந்தது.

மற்ற ஷெட்டுகளில் வண்டி கிளம்பிய பிறகுதான் மலை நிலவரம் கேட்பார்கள். நீங்கள் கேட்ட பிறகுதான் வண்டியை எடுக்கச் சொல்வீர்கள். கேட்பது, குமுளியில் சாயாக்கடை வைத்திருக்கும் சேச்சியிடம். மழையோ மறியலோ, மலையேறும் எந்த டிரைவரும் அவர் கடையில் அதைச் சொல்லாமல் போகமாட்டார். சேச்சியின் குரல்பதிவு வந்துவிட்டால் இன்னொருவரிடம் நீங்கள் விசாரித்ததே இல்லை. குமுளிப் பாதை அடைபட்டால் கம்பம்மெட்டு வழி. மலையே அடைபட்டால் மதுரைச் சந்தை. "விசாரிச்சுக்கிட்டு நின்னா நாம நிப்போம், பழம் நிக்காது" என்பீர்கள். உங்கள் வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துவிட்டுத் தங்கள் வண்டியைத் திருப்பியவர்கள் உண்டு. கோட்டயத்துக் கடைக்காரர் நம் பழத்தை இனிப்புக்காக வாங்கவில்லை, சொன்ன நேரத்துக்கு வரும் என்பதற்காக வாங்கினார்.

இப்போது நான் பிளஸ் ஒன்னில் வணிகவியல் படிக்கிறேன். விநியோகச் சங்கிலி என்று ஒரு பாடம். சங்கிலி என்றதும் கழுத்தைத் தொட்டுப் பார்த்தவன் நான். நிலைமை மாறும்போது சட்டென்று வளைந்துகொடுக்கும் தொழில் பிழைக்கும் என்றார் சார். உங்களையே உதாரணமாக எழுதி வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கினேன். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி சாயா ஆற்றிக்கொண்டிருந்தது என்பதை மட்டும் எழுதவில்லை. எழுதினால் மிச்சத்தையும் எழுத வேண்டியிருக்கும்.

நான் ஒன்பதாவது படித்தபோது வந்த லீவு அது. அல்லிநகரத்திலிருந்து சித்தி மகன் புதுப் போனோடு வந்திருந்தான். சேச்சியின் போனில் பெரும்பாலும் சார்ஜ் இருக்காது. சாயா குடிக்க வந்தவர்களின் போனில்தான் பேசுவார். அதனால் புது எண் என்றால் நீங்கள் சந்தேகப்படமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். பெட்டி அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து, மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு பதிவு செய்தேன்: "மோளே, மலையில மரம் வீணு கெடக்குது. வண்டி ஒண்ணும் ஏறில்லா, கேட்டோ!"

என்னுடையது இரண்டு நிமிடத் திட்டம். நீங்கள் பதறுவீர்கள். நான் எழுந்து அதே குரலில் சாயா கேட்பேன். பழம் அடுக்கும் அக்காமார் சிரிப்பார்கள். நீங்கள் காலிப் பெட்டியை என்மேல் எறிவீர்கள். ஆனால் நீங்கள் பதறவே இல்லை. "மொத வண்டி மெட்டு வழியா போகட்டும். ரெண்டாவத மதுரைக்குத் திருப்புங்க. கோட்டயத்துக்கு நான் பேசிக்கிறேன்." அவ்வளவுதான். நான் வாயைப் பொத்திச் சிரித்து முடித்து எழுந்தபோது வாசலில் டயர்த் தடம்தான் இருந்தது.

அப்போதே சொல்லியிருந்தால் டிரைவர்களுக்குப் போன் போட்டு, கம்பத்தைத் தாண்டுவதற்குள் நிறுத்தியிருக்கலாம். நான் சித்தி மகனிடம், "ஒத்தக் கொரல்ல ரெண்டு லாரியத் திருப்புனவன்டா நான்" என்று காலரைத் தூக்கிக்கொண்டிருந்தேன்.

மலையிறங்கிய டிரைவர் ஒருவர் மரமே விழவில்லை என்றதும், சாயங்காலம் சேச்சிக்குப் போன் போட்டீர்கள். மரமும் விழவில்லை, தான் எதுவும் அனுப்பவும் இல்லை என்று அவர் சத்தியம் செய்தார். மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டீர்கள்.

"கொழுந்தனாரே, இங்கன வாங்க. கண்ண மூடிக்கிட்டே ஆளச் சொல்லுவீகளே, இது யாரு கொரலுன்னு கேட்டுச் சொல்லுங்க."

என் குரலை எனக்கே போட்டுக் காட்டினீர்கள். டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இரண்டு தடவை கேட்டேன்.

"சேச்சிதான் மதினி. சந்தேகமே இல்ல."

"அவுக இல்லேங்கிறாகளே."

"வேற ஷெட்டுக்காரக யாராச்சும் சொல்லச் சொல்லியிருப்பாக. இப்ப மாட்டிக்கிட்டதும் இல்லேங்கிறாக."

நீங்கள் போனைக் கீழே வைத்தீர்கள். "அப்படிப்பட்ட பொம்பளையா அவுக?" என்று உங்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டீர்கள். அதற்கும் நான் தலையை ஆட்டினேன் மதினி.

அந்த மழைக்காலத்தில் மலை நிஜமாகவே சரிந்தது. சேச்சியிடமிருந்து குரல்பதிவு வந்தபோது நான் உங்கள் பக்கத்தில்தான் இருந்தேன். "மோளே, வண்டிய விட வேண்டா" என்று அழாத குறையாகச் சொன்னார். நீங்கள் பாதியில் நிறுத்தினீர்கள்.

"மதினி, எதுக்கும் ஒரு வார்த்த கேட்டுப் பாருங்களேன்" என்றேன்.

"அவ பொய்க்காரின்னு சொன்னதே நீங்கதான் கொழுந்தனாரே. வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

டிரைவர்களிடம் போய்ச் சொன்னதும் நான்தான். இரண்டு வண்டிகளும் கொண்டைஊசி வளைவில் மாட்டி, மறுநாள் மதியம்தான் இறங்கி வந்தன. பெட்டிகளின் அடியில் சாறு ஒழுகிக்கொண்டிருந்தது. ஈ மொய்த்தது. பக்கத்து ஷெட் வண்டி அன்றைக்குச் சேச்சி பேச்சைக் கேட்டு மெட்டு வழியாகப் போயிருந்தது. அடுத்த வாரமே கோட்டயத்துக்காரர் அவர்கள் பக்கம் போய்விட்டார்.

அதற்குப் பிறகு உங்களுக்கு எந்தக் குரல்மேலும் நம்பிக்கை வரவில்லை. போட்டோ கேட்டீர்கள், ரெண்டு பேரைக் கேட்டீர்கள், மூன்றாவது ஆளுக்குப் போன் போட்டீர்கள். மலையில் டவர் கிடைத்துப் பதில் வருவதற்குள் மற்றவர்களின் வண்டிகள் போய்ச் சேர்ந்திருக்கும். நம் வண்டியைப் பார்த்துத் திரும்பியவர்களின் வண்டியைப் பார்த்து நாம் திரும்பினோம். இருபது பேர் பழம் அடுக்கிய இடத்தில் எட்டுப் பேர் ஆனார்கள். ஷெட் நொடித்ததற்கு மழை காரணம் என்றார்கள், விலை காரணம் என்றார்கள். எல்லாவற்றுக்கும் "ஆமா" போட்டுக்கொண்டு, காரணம் அவர்களோடு உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தது.

போன வருஷம் காய்ச்சல் என்று தேனி ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்தீர்கள். வீட்டுக்குத் திரும்பி வரவே இல்லை. மூன்றாம் நாள் நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது, ஜன்னலைப் பார்த்தபடி, "அவுக எதுக்கு அப்படிச் செஞ்சாகன்னுதான் வெளங்கல" என்றீர்கள். சேச்சியைத்தான் சொல்கிறீர்கள் என்று தெரியும். ஒரு சுளையில் கொட்டை எடுக்க அவ்வளவு நேரம் ஆகாது. ஆனால் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

சரி, கவலைப்படாதீர்கள் மதினி. உங்கள் கொழுந்தனார் சும்மா இல்லை. மலையேறும் டிரைவர்களை வைத்து வாட்சப்பில் ஒரு குழு ஆரம்பித்திருக்கிறேன். ரோட்டு நிலவரம் இப்போது ஷெட்டுக்குச் சுடச்சுட வருகிறது. கோட்டயத்துக்காரர் மறுபடி ஒரு வண்டி கேட்டிருக்கிறார். "மூளக்காரன்டா" என்று அண்ணன் முதுகில் தட்டினார். போன மாதம் குமுளிக்கே பஸ் ஏறிப் போனேன். சேச்சியை நேரில் பார்த்தேன், உங்களைப் பற்றிப் பேசினேன். சிரித்த முகத்தோடு வழியனுப்பி வைத்தார்.

மேலே எழுதியதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை மதினி. பொய் சொல்லாமலே ஏமாற்றும் அளவுக்கு வளர்ந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். சேச்சி என்னை அடையாளம் கண்டுகொண்டார். சாயாவும் பழம்பொரியும் வைத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். நீங்கள் போனதைக் கேள்விப்பட்டு அழுததாகச் சொன்னார். பிறகு எதிரில் உட்கார்ந்து கேட்டார்: "மோனே, அவள் எதுக்கு என்கிட்ட பேசாம போயி? ஞான் என்ன தப்பு செய்தது?"

என் வாய் நிறையப் பழம்பொரி. மென்று விழுங்கிவிட்டு, "தெரியல சேச்சி" என்றேன். குழுவில் அவரை இன்றுவரை சேர்க்கவும் இல்லை. சேர்த்தால், அந்தப் பொய்க்காரியை ஏன் என்று அண்ணன் கேட்பார்.

கிளம்பும்போது, "அவளுடெ குட்டிக்கு" என்று ஒரு பொட்டலம் நேந்திரங்காய் சிப்ஸ் கொடுத்தார். பஸ் கூடலூர் வருவதற்குள் பாதியை நானே தின்றுவிட்டேன். மீதியை நீட்டியபோது பாப்பா, "யாரு சித்தப்பா குடுத்தாக?" என்று கேட்டாள்.

"பஸ் ஸ்டாண்டுல வாங்குனேன்" என்றேன்.

சேச்சி கொடுத்தார் என்று அதையாவது சொல்லியிருக்கலாம் மதினி.