சதுக்கத்தில் நான் போட்ட குலவை

பெங்காசி, 9 அக்டோபர் 2011
சிர்த் போர்முனைக்கு இன்றும் இரண்டு அண்டா மக்ரோனி. தம்பி நூரியும் அங்கேதான் இருக்கிறான். வண்டி கிளம்பும்போது தெருப் பெண்கள் என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள். “எங்க ராபிஹா குலவை போட்டா சிர்த் வரைக்கும் கேக்கும்” என்று மாமியார் பெருமையடித்தார். எனக்கும் பெருமைதான், மறைப்பானேன்?

14 அக்டோபர்
சமையலுக்கு உதவ ஹுவைதா வந்தாள். என் கணவர் மிஃப்தாஹின் மாமா மகள். போன வருஷம் இவளை இரண்டாவதாகக் கட்ட என் சம்மதம் கேட்டார். கோர்ட்டில் முடியாது என்றேன்; சட்டம் என் பக்கம், அடங்கிவிட்டார். புரட்சிக்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை.

20 அக்டோபர்
சிர்த் விழுந்தது. சர்வாதிகாரி செத்தான். நூரி உயிரோடிருக்கிறான்!

23 அக்டோபர்
விடுதலை நாள். சதுக்கத்தில் நான் தைத்த கொடியோடு நின்றேன். மேடையில் ஏதோ ஒரு சட்டம் இனி இல்லை என்றார்கள். ஆண்கள் பக்கம் ‘அல்லாஹு அக்பர்’ என்று தக்பீர் முழங்கியது. நானும் தொண்டை கிழியக் குலவை போட்டேன்.

24 அக்டோபர்
டிவியில் அந்தப் பேச்சை மறுபடி போட்டார்கள். இரண்டாம் கல்யாணத்துக்கு இருந்த தடை போயிற்றாம். அந்த வரி முடிந்ததும் ஒரு குலவை. என் குலவை. மிஃப்தாஹ் என்னைப் பார்க்காமல் சிரித்தார்.

6 நவம்பர்
பெருநாள். ஆட்டின் முதல் தொடை ஹுவைதா வீட்டுக்குப் போனது. மாமியார் என்னிடம் ரொம்பவும் அன்பாக இருக்கிறார். பயமாக இருக்கிறது.

11 நவம்பர்
மாடி அறைக்கு வெள்ளையடிக்கிறார்கள்.
“யாருக்கு?” என்று மாமியாரைக் கேட்டேன்.
“நீதானே குலவை போட்டே? ஊரே கேட்டுச்சு. இப்ப எதுக்கு அழுவுறே?”
நான் எதுக்குப் போட்டேன்? அந்தப் பாவி ஒழிஞ்சதுக்குப் போட்டேன். என் தம்பி பொழச்சதுக்குப் போட்டேன். இதுக்கா? இதுக்கா போட்டேன்?

20 நவம்பர்
கோர்ட்டுக்குப் போனேன். “சட்டம் இருக்கா இல்லையான்னு எங்களுக்கே தெரியலம்மா” என்றார் எழுத்தர். “அடுத்த மாசம் வாங்க.”

1 டிசம்பர்
மாடியில் புதுத் திரைச்சீலை.

17 பிப்ரவரி 2012
புரட்சிக்கு ஒரு வயது. தெருவெங்கும் கொடி, வானத்தை நோக்கித் துப்பாக்கிச் சத்தம். மாடி ஜன்னலிலிருந்து ஹுவைதாவின் குலவை. நன்றாகத்தான் போடுகிறாள். என்னைவிடச் சத்தம்.
பிறகு கீழே எட்டிப் பார்த்தாள். “அக்கா, நீங்க போடலையா?”
“நான் போன தடவையே போட்டுட்டேன்மா.”